பெருமரக் காடுகளுக்குப் புறப்படும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு புதுச்சேரி இலாசுப்பேட்டையில் இருக்கிறது. மகள் கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறாள். ஒருமுறை மே மாத இறுதியிலும் மறுமுறை செப்டம்பரிலும் அவளோடு சியரா நெவாடா மலைத்தொடரின் பெருமரக் காடுகளில் தங்கி வந்தோம். அதிலிருந்து, பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா புறப்படும் கடற்கரைச் சாலை நடை நண்பர்களும் கடலூர் மஞ்சக்குப்பத்து உறவினர்களும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன்.

சார், செக்கோயா என்கிறார்கள், ரெட்வுட் என்கிறார்கள். இரண்டும் ஒரே மரந்தானே?

நெருங்கிய உறவு உண்டு, ஆனால் இரண்டும் வெவ்வேறு மரங்கள். ரெட்வுட் பசிபிக் கடலோர மூடுபனியில் வளர்வது; உலகிலேயே உயரமான மரம் அதுதான். அவற்றுள் ஹைப்பீரியன் என்று பெயரிடப்பட்ட ஒரு மரம் சுமார் 380 அடி உயரம் கொண்டது. சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய மியூர் வுட்ஸ் காட்டில் நம்மவர்கள் பெரும்பாலும் பார்த்துவிட்டு வருவது இந்த வகையைத்தான்.

செக்கோயா அவ்வளவு உயரம் போகாது, ஆனால் பருமனில் அதற்கு நிகர் எதுவும் இல்லை. சியரா நெவாடாவின் மேற்குச் சரிவில், பெரும்பாலும் 5,000 அடி முதல் 7,000 அடி வரையுள்ள உயரத்தில், ஏறத்தாழ 75 தோப்புகளாக மட்டுமே அது இயற்கையாக வளர்கிறது. இனி வரும் பதில்களில் பெருமரம் என்று நான் சொல்வது இதைத்தான்.

எவ்வளவு பெரிது என்று நம் ஊர்க் கணக்கில் சொல்லுங்களேன்.

ஜெனரல் ஷெர்மன் என்ற மரம், தண்டின் கன அளவை வைத்துப் பார்த்தால், உலகிலேயே மிகப் பெரிய ஒற்றைத் தண்டு மரம். அதன் உயரம் 275 அடி. திருவண்ணாமலை ராஜகோபுரம் 217 அடி, ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. இரண்டையும் விட இந்த மரம் உயரம். அதன் முதல் பெரிய கிளை தரையிலிருந்து 130 அடிக்கு மேலேதான் தொடங்குகிறது, அதாவது சிதம்பரம் கோபுரத்தின் உச்சிக்குக் கிட்டத்தட்ட நிகரான உயரத்தில். அடிமரத்தின் சுற்றளவு 102 அடிக்குச் சற்று மேல். கைகளை நீட்டி ஒருவரையொருவர் பற்றிக்கொண்டால் சுற்றி நிற்க இருபது பேர் வேண்டும்.

வயது ஏறக்குறைய 2,200 ஆண்டுகள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வெட்டப்பட்ட வேறொரு பெருமரத்தில் 3,200க்கும் மேற்பட்ட ஆண்டு வளையங்களை எண்ணியிருக்கிறார்கள். ஆனாலும் எண்களைப் படித்துவிட்டுப் போனவர்களுக்கும் முதல் பார்வையில் அளவு பிடிபடாது, ஏனென்றால் சுற்றியிருக்கும் மற்ற மரங்களும் பெரியவை. அடியில் ஒரு குழந்தை வந்து நிற்கும்போதுதான் கண்ணுக்கு உறைக்கும்.

இந்த மரங்களைப் பார்க்க எந்தப் பூங்காவுக்குப் போக வேண்டும்? யோசெமிட்டி போதாதா?

மூன்று பெயர்களை நினைவில் வையுங்கள். செக்கோயா பூங்காவில் ஜெயண்ட் ஃபாரஸ்ட் என்ற காடும் அதில் ஷெர்மன் மரமும் உள்ளன. பூங்கா 1890 செப்டம்பரில் அமைக்கப்பட்டது. அதை ஒட்டிய கிங்ஸ் கேன்யன் பூங்காவில் ஜெனரல் கிராண்ட் மரம் நிற்கிறது. இவ்விரண்டையும் ஒரே நிர்வாகம் கவனிக்கிறது; நுழைவுக் கட்டணமும் ஒன்றே. மூன்றாவது யோசெமிட்டி, அதன் தெற்கு வாயிலருகே மரிபோசா தோப்பில் 500க்கும் மேற்பட்ட முதிர்ந்த பெருமரங்கள் இருக்கின்றன.

யோசெமிட்டியின் புகழ் பள்ளத்தாக்கால் வந்தது: அடிவாரத்திலிருந்து 3,000 அடி செங்குத்தாக எழும் எல் கேப்பிடன் பாறையும், மூன்று கட்டமாக 2,425 அடி விழும் அருவியும் அங்கே இருக்கின்றன. அதைப் பார்க்காமல் திரும்பச் சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளத்தாக்கில் பெருமரத் தோப்பு கிடையாது. மரிபோசா அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட மலைப்பயணம். நம்மவர் பலர் பள்ளத்தாக்கை மட்டும் பார்த்துவிட்டு, "பெரிய மரம் எங்கேயும் காணோமே" என்று சொல்வது இதனால்தான். மரங்களுக்காகவே போகிறீர்கள் என்றால் செக்கோயாவுக்கு முதலிடம் கொடுங்கள்.

எந்த மாதம் போனால் நல்லது? நாங்கள் கத்திரி வெயிலுக்கு முன்பே கிளம்பிவிடலாம் என்று பார்க்கிறோம்.

ஏப்ரலில் போய் இறங்கினால் மலைமேல் இன்னும் பனி கிடக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை, சில ஆண்டுகளில் மே வரையும், வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புச் சங்கிலி கொண்டு செல்ல வேண்டியிருக்கும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கும் அது பொருந்தும். யோசெமிட்டியின் உயர்ந்த டியோகா சாலை பெரும்பாலும் மே இறுதி அல்லது ஜூன் வரை மூடியே கிடக்கும்.

அருவியே முக்கியம் என்றால் மே, ஜூன் மாதங்களில் போக வேண்டும். பனி உருகி வரும் நீர்தான் அருவி என்பதால் ஆகஸ்டில் யோசெமிட்டி அருவி வற்றிக் கம்பியாகிவிடும் அல்லது நின்றே போகும். மரங்களுக்கு எந்த மாதமும் குறையில்லை. என் விருப்பம் செப்டம்பர்: பள்ளிகள் திறந்து கூட்டம் வடிந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், காலைக் குளிர் தாங்கக்கூடியதாக இருக்கும். காட்டுத்தீயின் புகை மட்டும் அந்த மாதத்துக்கு உள்ள இடர். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மகன் சான் ஹோசேயில் இருக்கிறான். காலையில் போய் இரவு திரும்பிவிடலாம் என்கிறான். முடியுமா?

முடியும், ஆனால் செய்யாதீர்கள். செக்கோயாவுக்கு ஒரு வழிக்கே நாலரை முதல் ஐந்து மணி நேரம் ஆகும்; திரும்பி வருவதையும் சேர்த்தால், பத்து மணி நேரம் காரில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் மரத்தைப் பார்ப்பதாக முடியும். முதல் முறை நாங்கள் அப்படித்தான் போனோம். உச்சி வெயிலில் நூறு பேருக்கு நடுவே ஷெர்மனின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் மகளிடம் "இன்னொரு தடவை ஒழுங்காகப் போக வேண்டும்" என்று கேட்டு, அதே பயணத்திலேயே மீண்டும் போய்த் தங்கினோம்.

இரண்டு இரவுகள் மலைமேலேயே தங்குங்கள். காலை ஆறரை மணிக்குத் தோப்பில் நீங்களும் மரங்கொத்தியும் மட்டும் இருப்பீர்கள். வெயில் முதலில் உச்சியில் விழுந்து, தண்டு வழியாக மெல்ல இறங்கி, இலவங்கப்பட்டை நிறத்துப் பட்டை கீழ்வரை சிவந்து வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது என் கருத்து. விடுதி அறைகள் குறைவு; கோடைக்குப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. மலை உயரத்தில் மூச்சு வாங்குமா?

ஷெர்மன் மரம் இருக்கும் இடம் சுமார் 7,000 அடி. ஏறத்தாழ கொடைக்கானல் உயரம், ஊட்டியை விடச் சற்றுக் குறைவு. கொடைக்கானலில் சிரமமில்லாமல் நடந்தவர்களுக்கு இங்கும் பெரும்பாலும் சிரமம் இராது. ஆனால் கடல் மட்டத்து ஊரில் வாழும் நமக்கு முதல் நாள் ஏற்றத்தில் மூச்சு வாங்குவது இயல்பு. மெதுவாக நடந்து, தண்ணீரை அடிக்கடி குடித்தால் போதும். டியோகா கணவாய் மட்டும் 9,943 அடி, தொட்டபெட்டாவை விட உயரம். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மலைமேல் நாம் நினைக்கிற மாதிரி மருந்துக்கடை கிடையாது.

முழங்கால் வலி உள்ளவர்கள் ஷெர்மன் மரம் வரை நடக்க முடியுமா?

என் மனைவிக்கும் இதே வலிதான், ஆகையால் விரிவாகச் சொல்கிறேன். பெரிய வண்டி நிறுத்தத்திலிருந்து மரத்துக்கு அரை மைல். பாதை தளமிட்டது, இடையிடையே படிகள் உண்டு. போகும்போது முழுவதும் இறக்கம் என்பதால் எல்லோரும் உற்சாகமாக இறங்கிவிடுகிறார்கள், திரும்பி ஏறும்போதுதான் கால் பேசுகிறது. கோடையில் இலவசப் பேருந்து கீழ்ச் சாலையிலும் நிற்கிறது. மரத்தைப் பார்த்துவிட்டு மேலே ஏறாமல் அந்த நிறுத்தத்துக்கு நடந்து பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளி வாகன அட்டை உள்ளவர்களுக்குக் கீழ்ச் சாலையிலேயே சிறு நிறுத்தம் உள்ளது.

இன்னும் எளிது வேண்டுமென்றால் ஜெயண்ட் ஃபாரஸ்ட் அருங்காட்சியகத்துக்கு எதிரே ஒரு புல்வெளியைச் சுற்றி வரும் பிக் ட்ரீஸ் பாதைக்குப் போங்கள். முக்கால் மைல், சமதளம், சக்கர நாற்காலியும் போகும். ஷெர்மனை விட அங்கேதான் என் மனைவி அதிக நேரம் இருந்தார். மோரோ பாறை வேறு கதை: 350க்கும் மேற்பட்ட படிகள், சில இடங்களில் குறுகலானவை. வலி உள்ளவர்கள் அதைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுக் கீழே காத்திருக்கலாம்.

மலைப்பாதையில் எனக்குக் குமட்டும். வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. செக்கோயா பூங்காவின் தெற்கு வாயில் வழியாக நுழைந்தால் 1,700 அடியிலிருந்து 6,400 அடிக்குச் சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற வேண்டும். கொல்லிமலை போய் வந்தவர்களுக்கு அந்த வளைவுகள் புதிதல்ல, மற்றவர்களுக்குக் கடினம். ஃபிரெஸ்னோ நகரிலிருந்து 180ஆம் எண் சாலையில் கிராண்ட் தோப்புக்கு ஏறினால் வளைவுகள் இதமானவை. அங்கிருந்து ஷெர்மனுக்கு மலைமேலேயே போய்விடலாம். எந்த வழியானாலும் பெட்ரோலை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் பெட்ரோல் நிலையம் இல்லை. கைப்பேசித் தொடர்பும் பெரும்பாலான இடங்களில் கிடைக்காது என்பதால் வரைபடத்தையும் முன்பே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே போக எவ்வளவு கட்டணம்?

வழக்கமான கட்டணம் ஒரு காருக்கு 35 டாலர், ஏழு நாட்கள் செல்லும். ஆனால் 2026 ஜனவரி 1 முதல், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மைப் போன்றவர்களுக்குக் கணக்கு மாறியிருக்கிறது. செக்கோயா - கிங்ஸ் கேன்யனும் யோசெமிட்டியும் உட்பட 11 பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 100 டாலர் கட்ட வேண்டும். ஆண்டு முழுவதும் செல்லும் சீட்டு அங்கே வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டவர்க்கு 250 டாலர். ஒன்றுக்கு மேற்பட்ட பூங்கா பார்க்கும் எண்ணமிருந்தால் ஆண்டுச் சீட்டையும் கணக்கிட்டுப் பாருங்கள். யோசெமிட்டியில் முன்பதிவு விதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், இரண்டையும் பயணத்துக்கு முந்தைய வாரம் பூங்காவின் தளத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஜூலையில் கூடக் குளிருமா?

இரவில் குளிரும். அடிவாரத்தில் வேலூர் வெயில் அடிக்கும், மேலே மாலை ஆனால் ஸ்வெட்டர் தேவைப்படும். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய உடைகளும், செருப்புக்குப் பதில் பிடிமானமுள்ள காலணியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

விடுதி உணவகத்தில் ரொட்டி, சூப், சாலட் என்று ஏதாவது கிடைக்கும். மூன்று வேளைக்கும் அது நமக்குப் போதாது. புளியோதரை, சப்பாத்தி, தொட்டுக்கொள்ளத் தக்காளித் தொக்கு என்று கட்டிக்கொண்டு போனால் இரண்டு நாள் சமாளிக்கலாம். உட்கார்ந்து சாப்பிட மேசைகள் போட்ட இடங்கள் நிறைய உண்டு. மிச்சத்தை அணிலுக்கும் பறவைக்கும் போடுவது நமக்குப் புண்ணியமாகப் படும். அங்கே அது சட்டப்படி குற்றம், விலங்குக்கும் கெடுதல்.

கரடி இருக்கிறதாமே, அண்ணா? பயமில்லையா?

இருப்பது கருங்கரடி. முரட்டுக் குணத்துக்குப் பெயர்போன கிரிஸ்லி கரடி 1920களிலேயே கலிபோர்னியாவில் அற்றுப்போய்விட்டது. கருங்கரடி மனிதனைத் தேடி வருவதில்லை, மணத்தைத் தேடி வருகிறது. கார் கதவை வளைத்துத் திறக்கும் வலு அதற்கு உண்டு. மேலே சொன்ன தொக்கும் புளியோதரையும் மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, தைலம், காலி டிபன் டப்பா வரை மணமுள்ள எதையும் இரவில் காரில் விடக் கூடாது. அதற்கென்றே இரும்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். கரடியின் நகம் நுழையாத தாழ்ப்பாள் அதில் இருக்கும்.

எங்கள் காரின் இருக்கைக்கு அடியில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் ஒன்று உருண்டு கிடந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. இரவு எட்டு மணிக்கு வனக்காவலர் கைவிளக்கோடு வந்து கண்டுபிடித்து, கோபப்படாமல் ஒன்று சொன்னார்: மனித உணவின் சுவை கண்ட கரடி மீண்டும் மீண்டும் வரும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலை எங்களுக்கு வரும். அபராதத்தை விட அந்தச் சொல்தான் எங்களைச் சுட்டது. கரடியை நேரில் கண்டால் ஓடாதீர்கள். விலகி நின்று, உரக்கக் குரல் கொடுங்கள், குழந்தைகளை அருகே வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஆறு ஓடுகிறதே, இறங்கிக் குளிக்கலாமா?

வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். செக்கோயா, கிங்ஸ் கேன்யன் பூங்காக்களில் உயிரிழப்புக்கு முதல் காரணம் கரடியும் இல்லை, பாறையும் இல்லை, நீரில் மூழ்குவதுதான். கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் நீந்திப் பழகியவர்களுக்கு அந்த ஆறு ஆழமற்றதாகவே தோன்றும். மே, ஜூனில் உருகிய பனிநீர் ஓடுவதால் சில நிமிடங்களில் கை கால் விறைத்துவிடும். வழவழப்பான கருங்கல்லில் கால் வழுக்கினால் பிடித்து ஏறவும் இயலாது. கரையிலேயே நின்று பாருங்கள்.

மரத்தைக் குடைந்து அதற்குள் கார் போகும் படம் பார்த்திருக்கிறேன். அது எங்கே?

அந்தப் புகழ்பெற்ற மரம் இன்று இல்லை. யோசெமிட்டியின் மரிபோசா தோப்பில் 1881இல் குடையப்பட்ட வவோனா மரம், 1969இல் பனியின் பாரம் தாங்காமல் விழுந்துவிட்டது. செக்கோயாவில் இப்போது கார் போவது நிற்கும் மரத்துக்குள் அல்ல: 1937இல் தானாக விழுந்து சாலையை அடைத்த மரத்தை அடுத்த ஆண்டு குடைந்து வழி செய்தார்கள். கிராண்ட் தோப்பில் உள்ளே நடந்துபோகக்கூடிய உள்ளீடற்ற ஒரு விழுந்த மரம் இருக்கிறது. ஒரு காலத்தில் குதிரைப்படையின் குதிரைகளை அதற்குள் கட்டியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு அதுவே போதும்.

மரத்தைத் தொட்டுப் பார்க்கலாமா? ஏன் வேலி போட்டிருக்கிறார்கள்?

ஷெர்மனையும் கிராண்டையும் தொட முடியாது. பாதையை ஒட்டி நிற்கும் வேறு மரங்களைப் பாதையிலிருந்தபடியே தொடலாம். தேங்காய் மட்டையின் நாரை நினைத்துக்கொள்ளுங்கள்: பட்டை அப்படித்தான் நார்நாராக, வெதுவெதுப்பாக, அமுக்கினால் சற்றே உள்வாங்குவதாக இருக்கும். விரலால் தட்டினால் காலிப் பெட்டியைத் தட்டிய ஒலி வரும். முதிர்ந்த மரத்தில் அந்தப் பட்டை இரண்டடி வரை தடித்திருக்கும்.

வேலி வேருக்காகப் போட்டது. இத்தனை உயர மரத்துக்கு ஆணிவேர் பூமிக்குள் நெடுந்தூரம் போயிருக்கும் என்று நாம் எண்ணுவோம். உண்மையில் வேர்கள் பெரும்பாலும் பதினான்கு அடிக்கு மேல் ஆழம் போவதில்லை, பக்கவாட்டில்தான் பரவுகின்றன. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கால்கள் மண்ணை மிதித்து இறுக்கினால் நீர் இறங்காது. படத்துக்காக வேலி தாண்டுபவர்களில் நம்மவர்களையும் பார்த்திருக்கிறேன், வேதனையாக இருந்தது.

இவ்வளவு பெரிய மரங்களை யாரும் வெட்டவில்லையா?

நிறையவே வெட்டினார்கள். 1891இல் வெட்டிய மார்க் ட்வெயின் மரத்தின் குறுக்குவெட்டுத் துண்டுகள் நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களில் உள்ளன. அதில் 1,341 வளையங்கள். அடிக்கட்டை கிங்ஸ் கேன்யனில் இன்றும் இருக்கிறது, அதன்மேல் ஏறி நிற்கலாம். வருத்தம் என்னவென்றால் இந்த மரம் எளிதில் முறிவது. விழும்போதே பெரும்பகுதி சிதறிப்போகும். மிஞ்சியது வேலிக்கம்பும் திராட்சைப் பந்தல் காலும் கூரை ஓட்டுப் பலகையும் ஆனது.

நெருப்பு இந்த மரங்களுக்கு நல்லது என்கிறார்கள். அப்படியானால் ஷெர்மனுக்கு ஏன் பளபளவென்று போர்வை சுற்றினார்கள்?

இரண்டுமே உண்மை. பெருமரத்தின் காய் கோழிமுட்டை அளவுதான். இருபது ஆண்டு வரை திறக்காமல் பச்சையாகவே கிளையில் இருக்கும். தரையில் படரும் சிறு தீயின் வெப்பம் மேலே எழும்போது காய் காய்ந்து திறந்து விதை உதிர்கிறது. கீழே சருகு எரிந்து மண் வெளிப்பட்டிருக்கும், நிழலும் குறைந்திருக்கும், நாற்று பிழைக்கிறது. தடித்த பட்டை தாய்மரத்தைக் காக்கிறது. அடிமரங்களில் நீங்கள் காணும் கரிய வடுக்கள் பழைய தீக்களின் தடம். அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களும் காட்டை அவ்வப்போது அளவாக எரித்து வந்தவர்கள்.

பிறகு நூறாண்டுக்கு நெருக்கமாக ஒவ்வொரு தீயையும் உடனே அணைத்தார்கள். சருகும் இளமரமும் மண்டின. 2012 முதல் 2016 வரை கடும் வறட்சி வந்தது. இப்போது மூளும் தீ தரையில் படர்வதில்லை, உச்சிக்கே ஏறிவிடுகிறது. 2020, 2021 ஆண்டுகளின் தீயில் மட்டும் உலகின் பெரிய செக்கோயாக்களில் 13 முதல் 19 விழுக்காடு வரை அழிந்தன என்று பூங்கா நிர்வாகம் மதிப்பிட்டது. 2021 செப்டம்பரில் ஷெர்மனின் அடியைச் சுற்றிய அலுமினியப் போர்வை அத்தகைய தீக்காக, மரம் தப்பியது. 1968 முதல் அங்கே திட்டமிட்டுச் சிறு தீ வைத்துக் காட்டைத் துப்புரவு செய்கிறார்கள். நீங்கள் போகும் நாளில் அந்தப் புகை கண்ணைக் கரித்தால் குறைப்படாதீர்கள். காட்டுத்தீயின் புகையாக இருந்தால் மட்டும், ஆஸ்துமா உள்ளவர்கள் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

கீழே விழுந்த காய் ஒன்றைக் கொண்டுவந்து நம் தோட்டத்தில் போட்டால் முளைக்குமா?

உதிர்ந்த காயானாலும் பூங்காவிலிருந்து எடுக்கக் கூடாது. அனுமதியில்லாமல் வெளிநாட்டு விதையை இந்தியாவுக்குள் கொண்டுவரவும் கூடாது. புதுச்சேரியின் கடற்கரை வெப்பத்தில் அது நிலைக்கவும் நிலைக்காது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். ஒரு காயில் சுமார் 200 விதைகள் இருக்கும். ஒவ்வொன்றும் அவல் போல் மெல்லிய சிறு செதில்.

எங்களால் அமெரிக்காவுக்கெல்லாம் போக முடியாது. இங்கே பார்க்க எதுவும் இல்லையா?

இருக்கிறது. உயிருள்ள பெருமரம் என்றால் பரம்பிக்குளத்தின் கன்னிமரா தேக்கு: சுமார் 40 மீட்டர் உயரம், 7 மீட்டர் சுற்றளவு. கேரளத்தில் இருந்தாலும் பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போக வேண்டும்.

அதைவிட அருகே, திருவக்கரை இருக்கிறது. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் பலர், பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவுக்குள் நுழைவதில்லை. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுப் புதைந்து கல்லாகிப்போன மரங்கள் அங்கே செம்மண்ணில் படுத்துக் கிடக்கின்றன. அவற்றைப் பொதிந்து வைத்திருந்த பாறைக்கு நிலவியலாளர் வைத்த பெயரே கடலூர் மணற்கல். வெயில் ஏறும் முன் போய்க் குனிந்து பார்த்தால் பட்டையின் வரியும் கிளை முறிந்த கணுவும் தெரியும். காய்க்குச் சொன்ன விதி அங்கே கல்லுக்கும் உண்டு. ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது.